பேர் கூப்பிட்டபோது எல்லோரும் இருந்தார்கள்

கல்வராயன் மலைக்குப் போன அந்தப் பேருந்தில் நாற்பத்தொரு பெண்கள் இருந்தோம். பேருந்தை ஏற்பாடு செய்தது நான். பார்க்க வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுத்தது நான். எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று கணினியில் அடித்து, அச்செடுத்து, ஓட்டுநர் கையில் ஒரு தாள் கொடுத்ததும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வரலாற்றில் முதுகலை முடித்து, உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பாடத்தில் வரும் கோட்டையும் கல்வெட்டும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும்போது, எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்க்காமலே செத்துப்போகக் கூடாது என்று நினைத்தேன்.

களமருதூர் பக்கம் எங்கள் ஊர். பேருந்தில் வந்த பெண்கள் எல்லோரும் ஒரே செட்டாக வேலைக்குப் போகிறவர்கள். நடவு, களையெடுப்பு, கரும்பில் காய்ந்த சோகையை உரிப்பது, எதுவானாலும் சேர்ந்தே போவார்கள். என் அம்மாவும் அந்தச் செட்டில்தான் இருக்கிறாள்.

எதிர்வீட்டு மருமகள் மட்டும் அந்தச் செட்டில் இல்லை. அவளுக்கு இருபது வயது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். தேர்வு முடிவு வந்த மாதமே கல்யாணம் முடித்துவிட்டார்கள். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். கள்ளக்குறிச்சியில் அரசுக் கல்லூரியில் சேர அவளுக்கு ஆசை. கணவன் சரி என்றுவிட்டான். மாமியார்தான் பிடி கொடுக்கவில்லை. நான் நடையாய் நடந்து பேசினேன். தினமும் காலையில் உளுந்தூர்பேட்டை வரை என்கூடவே வரட்டும், பேருந்து ஏற்றிவிடுகிறேன், சாயங்காலம் கூட்டிவந்துவிடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

மலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த மாமியாரின் மாடு கன்று போடும் நிலைக்கு வந்துவிட்டது. அவள் வர முடியாது. அவளுடைய இடத்தில் மருமகளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். சாணிக் கையோடு நின்று யோசித்தவள் கடைசியில் சொன்னாள்:

"உன்ன நம்பித்தான் வுடறேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடு. ஒரு நாளைக்கு ஒழுங்கா கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வா. அப்பறமா காலேஜு கதையப் பேசலாம்."

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. எனவே நான் அன்று கோட்டையையும் அருவியையும் பார்க்கப் போகவில்லை. அவளை நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கப் போனேன். விடியற்காலை பேருந்தில் ஏறும்போதே மணியைப் பார்த்தேன்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டேன். என் அம்மாவின் பேர் வந்ததும் நான் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து டிக் போட்டுக்கொண்டேன். பின்னால் இருந்து ஒருத்தி, "ஏம்மே, பெத்தவ பேரு வாய்ல வரலியா? எம்.ஏ.ல அத சொல்லித் தர்லியா?" என்றாள். பேருந்தே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எதிர்வீட்டு மருமகள் மஞ்சள் சேலை கட்டி, கையில் ஒரு பழைய நோட்டோடு, நடு வரிசையில் ஜன்னலோரம் இருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தது செட்டிலேயே வாய்க்காரியான ஒரு அக்கா.

தியாகதுருகத்தில் இறங்கினோம். நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்து நிற்கும் அந்தப் பாறைக் கோட்டையை எல்லோரும் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் ஏறியதில்லை. மைசூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் மாறி மாறிப் பிடித்த கதையைச் சொன்னேன். வாய்க்கார அக்கா மதில் கல்லைத் தட்டிப்பார்த்து, "இம்மாம் கல்லயும் ராசாவா தூக்கினு வந்தாரு? நம்மள மாதிரி எவளோ ஒருத்தி சும்மாடு கட்டிக்கினு தூக்கியிருப்பா, அவ பேரு இன்னா?" என்றாள். தெரியாது என்றேன். மருமகள் நோட்டைத் திறந்தபடி, பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. நேரமாகிவிட்டது, ஏறுங்கள் என்றேன். உண்மையிலேயே பத்து நிமிடம் தாண்டியிருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே மலைச்சாலையில் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவர் கள்ளக்குறிச்சிக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கிலும் வேங்கை மரமும் நெருங்கிய சரிவு. ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப்பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேலே ஏற ஏறக் காற்று மாறியது. சாமை விதைத்த கொல்லைகளும் பலா மரங்களும் தெரிந்தன. கரியாலூரில் இறங்கி இட்லி சாப்பிட்டோம்.

அங்கிருந்து இன்னும் மேலே, சாலையோரமாக ஒரு மேட்டில் இருந்த கற்திட்டைகளைக் காட்டினேன். நான்கு பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் போட்டு மூடியவை. குள்ளர் வீடு என்று அங்கே சொல்கிறார்கள். இரும்புக் காலத்தில் செத்தவர்களுக்காகக் கட்டியது என்று நான் விளக்கியதும் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எழவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். நாற்பது பேரும் மேட்டைச் சுற்றி ஆவாரம்பூ தேடப் போனார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கொத்து வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். தாளில் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கற்களை அன்று நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

திரும்பும் வழியில் அருவி. சாலையிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். கோடை மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் விழுந்தது. ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்ததை அரை மணியாக்கினேன். பெண்கள் சேலையோடே போய் நின்றார்கள்; வரப்பில் ஒருவரை ஒருவர் கேலி பேசுவது போலவே தண்ணீருக்குள்ளும் கேலி பேசினார்கள். நான் ஓரமாக நின்று, போதும் வாங்க, போதும் வாங்க என்று கத்திக்கொண்டிருந்தேன். மலை உச்சியில் மூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. ஓட்டுநர் மேலே இருந்து விடாமல் ஹாரன் அடித்தார்.

ஈரத்தோடு ஏறினார்கள். சிலர் நின்றுகொண்டே தலை துவட்டினார்கள், சிலர் சேலையைத் திரைபோலப் பிடிக்க, பின்னால் யாரோ ஒருத்தி உடை மாற்றினாள். நான் முன் படிக்கட்டருகே நின்று, தாளைப் பார்த்து, வேகவேகமாகப் பேர் கூப்பிட்டேன். ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேன்" வந்தது. என்னையும் சேர்த்து நாற்பத்தொன்றுக்கும் டிக் விழுந்தது. ரைட் என்றேன். அப்போது மணி மூன்று. ஆறரைக்குள் ஊர் போய்விடலாம் என்று அன்று முதல்முறையாக மூச்சை விட்டேன்.

நான்கு மணிக்கு அடிவாரத்தில், அணைக்குப் பக்கத்தில், டீ குடிக்க நிறுத்தினோம். டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது வாய்க்கார அக்கா என்னிடம் வந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு முன்னால உங்கிட்டதான ஒக்காந்துனு வந்துச்சு?"

"இல்லியேக்கா. உன் பக்கத்துலதான் அவ சீட்டு."

"என் பக்கத்துல இல்லடி. முன்பக்கமா ஏறி உங்கிட்ட ஒக்காந்துக்கிச்சின்னு நெனச்சேன்."

பேர் கூப்பிட்டபோது அவள் இருக்கேன் என்றாளே என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அது நான் சொன்னது" என்றாள்.

நான் அந்த வரப்பிலேயே வளர்ந்தவள், எனக்கு மேலே கேட்கத் தேவையிருக்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி காலையில் ஒருமுறை, சோறு தின்ற பிறகு ஒருமுறை பேர் கூப்பிடுவார். அந்த நேரம் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போயிருப்பாள், ஒருத்தி ஒதுங்கப் போயிருப்பாள். குரல் வராவிட்டால் அரை நாள் கூலி போய்விடும். அதனால் பக்கத்து வரிசையில் நிற்கிறவள் அவளுக்கும் சேர்த்து இருக்கேன் என்பாள். என் அம்மாவுக்காக எத்தனையோ முறை அப்படிக் குரல் வந்திருக்கிறது. அம்மாவும் கொடுத்திருக்கிறாள். அதை அவர்கள் பொய்யாக நினைப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவள் செய்ய வேண்டிய வேலை அது.

அருவியில் மருமகள் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்: கூப்பிட்டால் இருக்கேன் என்று சொல்லுங்கள், இதோ வந்துவிடுகிறேன். அக்கா சொல்லிவிட்டாள்.

அவளிடம் போன் இல்லை. அந்த வீட்டில் ஒரே போன்தான், அது மாமியாரிடம் இருக்கிறது. பேருந்தைத் திருப்புங்கள் என்று ஓட்டுநரிடம் ஓடினேன். அவர் மலையைக் காட்டினார். மேல் பாதி தெரியவில்லை, மூட்டம் மூடியிருந்தது.

"இத்தினி நீள வண்டிய மறுக்கா மேல ஏத்தி, இருட்டுல எறக்கச் சொல்றீங்களா? நாப்பது பேருங்க மேடம். ஒருத்தருக்காக என்னால முடியாதுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒருத்தர் யார் என்று அவருக்குத் தெரியாது. பெண்கள் சுற்றி நின்று ஆளுக்கொன்று பேசினார்கள். தண்ணிக்குள் வழுக்கி விழுந்திருந்தால் என்று ஒருத்தி ஆரம்பித்தாள், என் அம்மா அவள் வாயை மூடச் சொன்னாள். அதற்குள் ஓட்டுநர், கச்சிராயபாளையத்தில் பலாப்பழம் இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, எங்களை ஏற்றிவிட்டார். நானும் அந்த அக்காவும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். வண்டி முழுக்கப் பலாப்பழ வாசனை.

"ஏன்க்கா சொன்ன?" என்று மூன்றாவது வளைவில் கேட்டேன்.

"எப்பவும் சொல்றதுதான. வாய்ல வந்துடுச்சு."

"மேஸ்திரியும் நானும் ஒண்ணா?"

அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேஸ்திரி மாதிரிதான கூப்ட்ட. மூஞ்சியப் பாத்து கூப்ட்டிருந்தா நான் சொல்லியிருப்பனா? நீ பேப்பரப் பாத்தே கூப்ட்ட."

ஒரு வளைவில் மேலேயிருந்து அரசுப் பேருந்து இறங்கியது. வழிவிட எங்கள் வண்டி பின்னுக்குப் போனது. பின்சக்கரம் சாலை விளிம்பில் மண்ணைத் தொடும் சத்தம் கேட்டது. நான் சக்கரத்தைத்தான் பார்த்தேன், பேருந்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனசுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது: அந்த மாமியாரிடம் என்ன சொல்லப் போகிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் பயந்துபோய் நிற்பாளே என்று நினைப்பதற்கு முன்னால், என் பேர் கெட்டுவிடுமே என்றுதான் நினைத்தேன்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டியிருந்தது. சாலையில் ஒருவருமில்லை. பிக்கப்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் படிகளில் ஓடினேன். ஈரப் பாசியில் இரண்டு முறை சறுக்கினேன். கீழே தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் குனிந்து பார்த்தேன். மேலாக நுரை சுற்றிக்கொண்டிருந்தது, அடி தெரியவில்லை. ஓரத்துப் பாறையில் மஞ்சளாக என்னவோ கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பழுத்த இலைகள்தான்.

மேலேயிருந்து அக்கா கூப்பிடுவது அப்புறம்தான் காதில் விழுந்தது. ஏறிப் போனேன். கொய்யாப்பழம் விற்கும் ஒரு மலைக்கார அம்மாள் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மஞ்ச சீல கட்டின பொண்ணுதான? ரொம்ப நேரம் அந்தப் பாறைமேல ஒக்காந்துனு இருந்துச்சு. மேல வந்து பாத்துட்டு, பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேட்டுச்சு. கவுர்மெண்ட் பஸ்ஸு வந்துச்சு, ஏறிப் போயிடுச்சே."

அழுதுகொண்டா போனாள் என்று அக்கா கேட்டாள். அழவெல்லாம் இல்லை, ஒரு கொய்யாப்பழம் வாங்கித் தின்றுகொண்டே போனாள் என்றாள் அந்த அம்மாள்.

நாங்கள் வழிவிட்ட அதே பேருந்து. அதற்குள்தான் அவள் இருந்திருக்கிறாள். ஆனாலும் அவள் அணையில் இறங்கினாளா, கச்சிராயபாளையம் வரை போய்விட்டாளா என்று தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. அடுத்த பேருந்து ஏழு மணிக்கு என்றார்கள். பிக்கப்காரர் வீடு இன்னும் மேலே இருக்கிறது. தலையைச் சொறிந்தார். "ஏறுங்க. எறங்கறதுக்கு டீசல் கம்மிதான். மறுபடி ஏறணுமே, அதான்" என்றார். ஏறினோம். மூட்டம் சாலைக்கே வந்துவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் நான் அவள் மாமியாருக்கு ஒரு வாக்கியம் தயார் செய்தேன், அடுத்த வளைவில் அதை அழித்தேன்.

அணைக்கு வந்தபோது ஆறேகால். பேருந்தின் படியில் மஞ்சள் சேலை தெரிந்தது. அவள் எழுந்து வந்தாள். சேலை காய்ந்திருந்தது.

"எங்கக்கா போய்ட்டீங்க? உங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கறோம்" என்றாள்.

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யவில்லை. எதற்காக அங்கே உட்கார்ந்தாய் என்று மட்டும் கேட்டேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் யாரும் கூப்பிடாத ஒரு இடத்தில் தான் உட்கார்ந்ததேயில்லை என்றாள். ஐந்து நிமிடம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாளாம். பேருந்து போய்விட்டது தெரிந்ததும் பயந்தாளாம். அப்புறம், போகிற வழி ஒன்றுதானே, எப்படியும் அணையைத் தாண்டித்தானே போக வேண்டும் என்று யோசித்தாளாம்.

அந்த யோசனை எனக்கு வரவில்லை. மலையிலிருந்து இறங்கும் பேருந்து அணை வழியாகத்தான் வரும் என்று, வழியையெல்லாம் வரைபடம் பார்த்துக் குறித்து வைத்திருந்த எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்: டயர் பஞ்சர். யார் கேட்டாலும் டயர் பஞ்சர். என்னிடமும் சொன்னார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவள் படிப்பாள், உண்மையைச் சொன்னால் படிப்பு போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தியாகதுருகம் கோட்டைப் பாறை இருட்டில் கருப்பாக நகர்ந்து போனது.

ஊர் சேர எட்டேகால் ஆகிவிட்டது. நிறுத்தத்தில் டார்ச் லைட்டோடு மாமியார் நின்றிருந்தாள். நான் இறங்குவதற்குள்ளேயே இரண்டு மூன்று பேர் பஞ்சர் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். எது வந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் மருமகள் பேசிவிட்டாள்.

"டயரெல்லாம் நல்லாத்தான் அத்த இருக்குது. நான்தான் அருவிகிட்டயே ஒக்காந்துட்டேன், பஸ்ஸு போயிடுச்சு. கவுர்மெண்ட் பஸ்ஸ புடிச்சி அஞ்சு மணிக்கெல்லாம் கீழ வந்துட்டேன். அக்கா என்னத் தேடிக்கினு மேல போய்ட்டாங்க. அதுல லேட்டு."

டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் இருந்து என் முகத்துக்கு வந்து, நின்று, தரைக்கு இறங்கியது. "வூட்டுக்கு வா" என்றாள் மாமியார். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

ஞாயிறு போயிற்று, திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. எதிர்வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது. சீம்பால் தெருவுக்கெல்லாம் வந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்தது, சொல் மட்டும் வரவில்லை. மருமகளைத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்கூடப் பார்க்க முடியவில்லை. அடித்திருப்பாளோ என்று அம்மாவிடம் கேட்டேன். அவ அடிக்கிறவ இல்ல, ஆனா வாயைத் திறக்காம கொல்லுவா என்றாள் அம்மா. பள்ளியில் பாடம் நடத்தும்போது நடுவில் நின்றுவிட்டேன், பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வியாழக்கிழமை காலை குழாயடியில் அந்த அம்மாளே வந்தாள். குடத்தை வரிசையில் வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நாளிக்கித்தான கடைசி நாளு?"

ஆமாம் பெரிம்மா என்றேன்.

"சேரட்டும். ஆனா உங்கூட வாணாம். நீ கூட்டிக்கினும் போவ வாணாம், கூட்டிக்கினும் வர வாணாம். பஸ்ஸு புடிச்சி வர அவளுக்குத் தெரியுது. உன்னத்தான் அப்பறம் யாராச்சும் தேடிக்கினு போவணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாய்க்கார அக்கா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. அந்த ஒரு சரிக்காகத்தான் நான் இரண்டு மாதம் நடந்தேன். அது வந்தபோது அதில் எனக்கு இடமில்லை. ஆனாலும் விடாமல், விண்ணப்பத்தில் நிறைய விவரம் கேட்பார்கள், சாயங்காலம் வந்து நான் நிரப்பித் தருகிறேன் என்றேன்.

"அதையும் அவளே எழுதிட்டா" என்றாள் அவள். குடம் நிரம்பியிருந்தது. இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

சந்தோஷம் வந்தது. அதற்கு முன்னால் கோபம்தான் வந்தது.